பாலைவன விமானக் காமிக்ஸுக்கு ஆட்களை உருவாக்குவது எப்படி?

காலம் 1947, இடம் பிரிட்டிஷ் நிர்வாகத்தில் இருந்த லிபியாவின் திரிப்போலி என்று வைத்துக்கொள்ளுங்கள். போரில் மிஞ்சிய டகோட்டா சரக்கு விமானம் ஒன்று. விமானி, துணை விமானி, ரேடியோக்காரர், மெக்கானிக் என நால்வர் போதும்.

விமானிக்குப் பழைய ராணுவச் சட்டையையே மாட்டுங்கள். சின்னம் பிரித்த இடம் மட்டும் வெளுக்காமல் அடர்நிறமாகத் தெரியட்டும். அதுவே கதை சொல்லிவிடும், பத்து வசனம் மிச்சம். நெற்றியில் காற்றுத் தடுப்புக் கண்ணாடி மட்டும் வேண்டாம், டகோட்டாவின் காக்பிட் மூடியது. பலரும் சறுக்குவது இங்கேதான்.

மெக்கானிக்கை நிதானமாக வரையுங்கள். 14 சிலிண்டர் எஞ்சினுக்குள் மணல் புகுந்தால் சிலிண்டர் சுவர் தேயும், எண்ணெய் கசிந்து எரியும், நீலப்புகை கக்கும். அதனால் அவர் கையில் எப்போதும் காற்று வடிகட்டி, நகக்கண்ணில் கறுப்பு மசகு. வில்லனுக்கா? கசங்காத வெள்ளை சூட் போதும்.