கழிமுகத்து அயல்மீன் என்ன தின்கிறது? கண்டுபிடிக்கும் வழி

புதிதாக ஒரு மீன் கழிமுகத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டால் எல்லோரும் முதலில் கேட்பது, "இது மற்ற மீன் குஞ்சையெல்லாம் தின்று தீர்த்துவிடுமா?" என்பதுதான். பாதிப் பதில் அதன் இரைப்பையில் இருக்கிறது. மீதிப் பாதிக்கு, அதே தண்ணீரிலும் சேற்றிலும் அன்றைக்கு என்ன இரை கிடைத்தது, பக்கத்தில் மேய்ந்த உள்ளூர் மீன் எதைத் தின்றது என்று தெரிய வேண்டும். இந்த மூன்றும் சேராத ஆய்வை நான் முழுதாக நம்புவதில்லை.

ஆகவே அயல்மீனைப் பிடிக்கும் இடத்திலேயே, அதே ஓதத்தில் (கடல்நீர் ஏறி வற்றும் நிலையில்), அதே அளவுள்ள உள்ளூர் மீனையும் பிடியுங்கள். கூடவே சேற்றைக் குழாயால் அள்ளி அரை மில்லிமீட்டர் சல்லடையில் அலசி, தங்கும் புழு, சிப்பி, சிறு இறால் வகைகளை எடுத்து வையுங்கள். மிதவை உயிர்களுக்கு ஒரு நுண்வலை போதும். நேரம், உப்பளவு, வெப்பநிலை, ஓதம் ஏறுகிறதா வற்றுகிறதா என்பதை அங்கேயே எழுதிவிடுங்கள். பல மீன்கள் ஏறும் தண்ணீரோடு ஓடைகளுக்குள் போய் மேய்ந்து, வற்றும்போது திரும்புகின்றன. இரண்டு நிலையிலும் பிடித்தால்தான் உள்ளே போகும் வயிறும் வெளியே வரும் வயிறும் எப்படி வேறுபடுகின்றன என்று தெரியும். ஆற்றில் வெள்ளம் வரும் மாதங்களையும் வறண்ட மாதங்களையும் தனித்தனியாக எடுங்கள். உப்பு மாறினால் இரையும் மாறும்.

வலையில் கவனம் வேண்டும். இரவு முழுக்கக் கிடந்த செவுள் வலையில் மாட்டிய மீன் இரையைக் கக்கியிருக்கும்; மிச்சமும் செரித்திருக்கும். இரை வைத்த கூண்டு வேண்டவே வேண்டாம், நாம் வைத்த இரையே வயிற்றில் வரும். வீச்சுவலையோ, சீக்கிரம் இழுத்து முடிக்கும் கரைவலையோ நல்லது. பிடித்ததும் பனிக்கட்டியில் புதையுங்கள். மீன் செத்த பிறகும் செரிமானம் நிற்பதில்லை, வெயிலில் இன்னும் வேகமாக நடக்கும். சரி, இதற்கெல்லாம் முன்னால் அனுமதி வாங்க வேண்டும். அயல்மீனை உயிரோடு கொண்டுபோவதற்குப் பல நாடுகளில் தடை உண்டு.

இரைப்பையை 10 சதவீத ஃபார்மலினில் போட்டு, கெட்டியானதும் அலசி 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றலாம். கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். டிஎன்ஏ பார்க்கும் எண்ணம் இருந்தால் ஃபார்மலின் பக்கமே போகாதீர்கள். நேராக அடர்ந்த எத்தனால்தான்.

வயிற்றைத் திறக்கும் வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. இங்கே மீனுக்கு மீன் வழி மாறும். கெண்டை வகைகளுக்கு இரைப்பையே கிடையாது, குடலின் முன்பகுதியைப் பாருங்கள். திலாப்பியாவின் நீண்டு சுருண்ட குடலில் பெரும்பாலும் பாசியும் மக்கிய சேறும் குழைந்து கிடக்கும். அதை எண்ண முடியாது, எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணளவில் மதிப்பிட வேண்டும். கருங்கடல், காஸ்பியன் பகுதியிலிருந்து பரவி 1990இல் பால்டிக் கடலின் கதான்ஸ்க் வளைகுடாவில் தென்பட்ட வட்ட கோபி என்ற மீன், தொண்டைப் பற்களால் சிப்பியை நொறுக்கிவிடும். அதற்கு ஓட்டுத் துண்டுகளை எண்ணாமல், சிப்பி மூட்டுத் துண்டுகளை எண்ணி இரண்டால் வகுக்கலாம். புழுக்கள் சீக்கிரம் கரைந்துவிடும், அவற்றின் தாடையும் மயிர்முட்களும் மட்டும் மிஞ்சும். மீன்களின் செவிக்கற்களோ நெடுநேரம் தங்கும். இதை மனதில் வைக்காவிட்டால் புழுவைக் குறைத்தும் மீனைக் கூட்டியும் கணக்கெழுதிவிடுவோம். காலி வயிறுகளையும் எண்ணி எழுதுங்கள், அதுவும் தகவல்தான்.

அளவு வாரியாகப் பிரிக்காமல் சராசரி போடாதீர்கள். குட்டி கோபி சிறு ஓட்டுயிரிகளைத் தின்னும், பெரிதானால் சிப்பிக்கு மாறும். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் சேரும் ஆறுகளில் 1970களிலிருந்து விடப்பட்ட நீலக் கெளிறும் அப்படித்தான். சிறியது செடியும் புழுப் பூச்சியும் தின்னும். பெரியது மீனை விழுங்கும், நீல நண்டையும் விடாது. இரண்டையும் கலந்தால் அப்படி ஒரு மீனே எங்கும் இருக்காது.

அப்புறம் கணக்கு. ஒவ்வொரு இரைக்கும் மூன்று சதவீதம் எடுங்கள்: எண்ணிக்கையில் எவ்வளவு, எடையில் எவ்வளவு, இரை இருந்த வயிறுகளில் எத்தனையில் அது இருந்தது. முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதால் பெருக்கினால் ஒப்பு முக்கியத்துவ எண் வரும். உதாரணத்துக்கு, எண்ணிக்கையில் 60, எடையில் 3, வயிறுகளில் 20 சதவீதம் என்று வரும் கோப்பிபாடு என்ற நுண்ணிய ஓட்டுயிரிக்கு 1260. எண்ணிக்கையில் 20, எடையில் 40, வயிறுகளில் 50 சதவீதம் வரும் நண்டுக்கு 3000. வெறும் எண்ணிக்கையைப் பார்த்திருந்தால் கோப்பிபாடுதான் பிரதான உணவு என்று சொல்லியிருப்போம். ஆனாலும் மூன்று சதவீதங்களையும் தனித்தனியே வெளியிடுங்கள். ஒற்றை எண் நிறைய மறைக்கும்.

சேற்று மாதிரி இங்கேதான் கைகொடுக்கும். உணவில் ஒரு இரையின் பங்கு 40 சதவீதம், சூழலில் 10 சதவீதம் என்றால், வித்தியாசமான 30ஐக் கூட்டுத்தொகையான 50ஆல் வகுக்க 0.6 வரும். மீன் இரையை எவ்வளவு தேர்ந்து தின்கிறது என்று காட்டும் இவ்லெவ் குறியீடான இது −1 முதல் +1 வரை போகும். பூஜ்யத்துக்கு அருகில் இருந்தால் கிடைத்ததைத் தின்கிறது, +1ஐ நெருங்கினால் தேடித் தின்கிறது. உள்ளூர் மீனும் அதே இரையைத் தேடுகிறது, அந்த இரையும் அரிதாக இருக்கிறது என்றால்தான் போட்டி என்று பேசலாம். உணவுப் பட்டியல் ஒத்துப்போனால் மட்டும் போதாது. இரை கொட்டிக் கிடக்கும் இடத்தில் இரண்டு மீன்களும் ஒரே உணவை உண்டபடி ஒன்றுக்கொன்று தொந்தரவில்லாமல் இருக்கலாம்.

எத்தனை மீன் வேண்டும்? வயிறு கூடக் கூட புதிய இரை வகைகள் எத்தனை வருகின்றன என்று வரைந்து பாருங்கள். கோடு தட்டையாகும்வரை பிடியுங்கள்.

வயிறு சொல்வது கடைசி வேளைச் சாப்பாட்டை மட்டும். பல வார உணவைத் தெரிந்துகொள்ள முதுகுத் தசையில் ஒரு துண்டை உறைய வைத்து ஐசோடோப்பு, அதாவது ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணு வகைகள், பாருங்கள். உணவுச் சங்கிலியில் ஒரு படி ஏறினால் கனமான வகையான நைட்ரஜன்-15 அளவு சராசரியாக ஆயிரத்துக்கு 3.4 கூடும். ஆனால் கழிமுகத்தில் ஆற்று முனையிலும் கடல் முனையிலும் உணவுச் சங்கிலியின் அடிப்படியிலேயே இந்த அளவு வேறுபடும். அந்தத் தொடக்க அளவைத் தெரிந்துகொள்ள, மீன் பிடிக்கும் ஒவ்வொரு இடத்திலிருந்தும் அதன் அருகில் இருக்கும் சில சிப்பிகளையும் பாசி மேயும் நத்தைகளையும் எடுத்து, மீன் தசையோடு சேர்த்தே சோதனைக்கு அனுப்புங்கள்.