மரபணு ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரி: நீங்களே சரிபார்ப்பது எப்படி

எக்ஸோம் டெஸ்ட் (ஜீன்களில் புரதத்தை எழுதும் பகுதிகளைப் படிக்கும் டெஸ்ட்) எடுத்தவர்களுக்கு ஆய்வகம் அனுப்பும் பிடிஎஃப் பல பக்கம் ஓடும். அதில் உங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான். மீதியெல்லாம் முறை விளக்கம், பொறுப்புத் துறப்பு, கையெழுத்து. சென்னையில் ஒரு மரபணு ஆய்வகத்தில் அந்த வரியை எழுதுவதுதான் என் வேலை. சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப்பைத் தள்ளிவிட்டு, “பயப்படணுமா, வேணாமா? அதை மட்டும் சொல்லு” என்பார்கள். அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கம்ப்யூட்டரும் இணையமும் போதும், காசு செலவில்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய தயாரிப்பு. இதை வைத்து மாத்திரையை ஆரம்பிப்பதோ நிறுத்துவதோ வேண்டாம்.

உதாரணத்துக்கு இதய ரிப்போர்ட்டில் வரக்கூடிய ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்:

எம்ஒய்பிபிசி3, என்எம்_000256.3, சி.3628-41_3628-17டெல், ஹெட்டிரோசைகஸ், வி.யூ.எஸ்.

முதலில் இருப்பது ஜீனின் பெயர். இதயத் தசை சுருங்கி விரிய உதவும் ஒரு புரதத்துக்கான ஜீன் இது, 11-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. இரண்டாவது, ஜீனின் எந்த வடிவத்தை அளவுகோலாக வைத்து எண்ணினார்கள் என்பது. ஒரே ஜீனுக்குப் பல வடிவங்கள் உண்டு. வடிவம் மாறினால் எண்ணும் மாறிவிடும், அதனால் இந்த எண்ணைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவதுதான் மாற்றம். ‘சி’ என்றால் புரதத்துக்கான டிஎன்ஏ எழுத்து வரிசையில் எண்ணியது. ‘டெல்’ என்றால் எழுத்துகள் விடுபட்டுவிட்டன. நடுவில் இருக்கும் -41, -17 என்பவை, மாற்றம் புரதத்தை எழுதும் பகுதிக்குள் இல்லை, அதற்கு முன்னால் இருக்கும் இன்ட்ரானில், அதாவது புரதத்தை எழுதாத இடைப்பகுதியில், இருக்கிறது என்று சொல்கின்றன. 41-ல் தொடங்கி 17 வரை எண்ணிப் பாருங்கள், 25 எழுத்து. ஹெட்டிரோசைகஸ் என்றால் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று வந்த இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் இருக்கிறது. கடைசியில் இருக்கும் வி.யூ.எஸ்-க்கு இப்போதைக்கு முடிவு சொல்ல முடியாது என்று பொருள். இதைப் பலர் ‘லேசாக இருக்கிறது’ என்று புரிந்துகொள்கிறார்கள். அப்படி இல்லை.

இப்போது க்ளின்வார் தளத்தைத் திறங்கள், மரபணு மாற்றங்களுக்கு ஆய்வகங்கள் கொடுத்த தீர்ப்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் இடம் அது. அமெரிக்க அரசின் என்சிபிஐ நடத்துவது, யாரும் பார்க்கலாம். ஜீன் பெயரையும் மாற்றத்தையும் அப்படியே ஆங்கிலத்தில் ஒட்டித் தேடினால் அதற்கான பக்கம் வரும். மேலே பெரிதாகப் போட்டிருக்கும் தீர்ப்பை இப்போது படிக்காதீர்கள். கீழே இறங்கி இடக்குறிப்பை எடுங்கள். அங்கே இரண்டு இடக்குறிப்பு இருக்கும்: ஜிஆர்சிஎச்37 ஒன்று, ஜிஆர்சிஎச்38 ஒன்று. இவை மனித மரபணு வரைபடத்தின் பழைய, புதிய பதிப்புகள். இதே எம்ஒய்பிபிசி3 ஜீன் ஒரு பதிப்பிலிருந்து அடுத்ததற்கு இருபதாயிரம் எழுத்துகளுக்கு மேல் தள்ளிப் போயிருக்கிறது. பழைய எண்ணை எடுத்துப்போய்ப் புதிய பதிப்பில் தேடிவிட்டு, “உலகத்தில் யாருக்குமே இல்லாத மாற்றமாம்” என்று பதறி வருகிறவர்கள் உண்டு. தேடிய இடம்தான் வேறு.

அடுத்தது நோமேட், எந்த மாற்றம் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று காட்டும் தளம். நான் அதிக நேரம் உட்காரும் இடமும், நீங்கள் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடமும் இதுதான். 2023 நவம்பரில் வந்த இதன் நான்காவது பதிப்பில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுத் தரவு இருக்கிறது. நான்காவது பதிப்பு ஜிஆர்சிஎச்38 கணக்கு, இரண்டாவது பதிப்பு ஜிஆர்சிஎச்37 கணக்கு. உங்கள் மாற்றத்தைத் தேடியதும் மக்கள்தொகை வாரியாக ஓர் அட்டவணை வரும். மொத்த எண்ணைத் தாண்டி ‘தெற்காசியர்’ என்ற வரிக்கு நேராகப் போங்கள். இரண்டு எண் பாருங்கள்: எத்தனை பிரதிகளில் இந்த மாற்றம் இருக்கிறது, இரண்டு பிரதியிலும் இதை வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்.

ஏன் இதையே முதலில் பார்க்கச் சொல்கிறேன் என்பதற்கு மேலே எடுத்த 25 எழுத்து மாற்றமே சாட்சி. 2009-ல் நேச்சர் ஜெனட்டிக்ஸ் இதழில் இதைப் பற்றி ஒரு பெரிய ஆய்வு வந்தது. இந்தியத் துணைக்கண்டத்து மக்களில் சுமார் 4% பேருக்கு இது இருக்கிறது என்றும், இதயத் தசை நோய் உள்ளவர்களிடம் இது கூடுதலாகத் தென்படுகிறது, வாய்ப்பு விகிதம் (நோயாளிகளிடம் இது இருக்கும் வாய்ப்பை மற்றவர்களோடு ஒப்பிடும் எண்) ஏறக்குறைய 7 என்றும் அதில் சொன்னார்கள். செய்தித்தாள்களில் ‘இந்தியர்களின் இதயத்தைத் தாக்கும் ஜீன்’ என்ற தொனியில் எழுத அது போதாதா!

இப்போது கணக்குப் போடுங்கள். இதயத் தசை தடித்துப்போகும் நோய் பொதுவாக 500 பேரில் ஒருவருக்கு வரும் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் அளவு. நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் 500 பேர் பந்திக்கு வந்திருக்கிறார்கள் என்று வையுங்கள். அந்த 25 எழுத்து இல்லாதவர்கள் அதில் 20 பேர் இருப்பார்கள். நோய் இருப்பவரோ ஒருவர், அவருக்கும் வேறு காரணம் இருக்கலாம். ஆக, இது இருந்தாலே நோய் வந்துவிடும் என்பது கணக்குக்கே ஒத்துவரவில்லை. ஒரு நோய் எவ்வளவு பேருக்கு வருகிறதோ, அதைவிடப் பல மடங்கு பேரிடம் ஒரு மாற்றம் இருந்தால், அதைத் தனியாகக் குற்றவாளி ஆக்க முடியாது. எங்கள் வேலையில் பாதி இந்த ஒரு கேள்விதான்.

அப்படியானால் 2009-ல் பார்த்த தொடர்பு பொய்யா? பொய் இல்லை. 2020-ல் வந்த இன்னொரு ஆய்வு முடிச்சை அவிழ்த்தது. இந்த 25 எழுத்து இல்லாதவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு, அதே ஜீனில், அதே பிரதியில், இன்னொரு மாற்றமும் சேர்ந்தே வருகிறது: சி.1224-52 என்ற இடத்தில் ஜி இருக்க வேண்டிய இடத்தில் ஏ. இதயத் தசை தடிப்பதற்குக் காரணம் அநேகமாக அதுதான், 25 எழுத்து மாற்றம் அதனோடு ஒட்டிக்கொண்டு வந்தது என்பது அவர்கள் முடிவு. அதில் நமக்கு உபயோகமான இன்னொரு விஷயம் உண்டு. அந்த இரண்டாவது மாற்றம் இன்ட்ரானுக்குள் 52 எழுத்து தள்ளி இருப்பதால், எக்ஸோம் டெஸ்ட்டிலும், குறிப்பிட்ட சில ஜீன்களை மட்டும் படிக்கும் பேனல் டெஸ்ட்டுகளிலும் அகப்படாமல் போகலாம். ஆகவே உங்கள் ரிப்போர்ட்டில் 25 எழுத்து மாற்றம் இருந்து, குடும்பத்தில் இதயத் தசை நோயும் இருந்தால், “சி.1224-52 என்ற இடம் உங்கள் டெஸ்ட்டில் படிக்கப்பட்டதா?” என்று ஆய்வகத்திடம் நேரடியாகக் கேளுங்கள். ஆமா, இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வி இது. மழுப்பினால் எழுத்தில் கேளுங்கள்.

தெற்காசியர் வரியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட வேண்டாம். தெற்காசியா என்ற ஒரே பெயரில் லாகூரும் லண்டனும் திருநெல்வேலியும் சேர்ந்து கிடக்கின்றன. நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளும் சாதிக்குள்ளும் மணம் முடிப்பதால், சராசரியில் அரிதாகத் தெரியும் ஒரு மாற்றம் ஒரு குறிப்பிட்ட சமூகத்தில் சாதாரணமாக இருக்கும். இதற்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் வைசியர் சமூகத்தில் இருக்கும் சூடோகோலினெஸ்டரேஸ் என்ற நொதியின் குறைபாடு. பிற மக்களைவிடச் சுமார் 100 மடங்கு அதிகம். அறுவை சிகிச்சையின்போது சில தசைத் தளர்த்தி மருந்துகளைக் கொடுத்தால் இவர்களுக்கு மூச்சு திரும்ப நேரமாகும். மயக்க மருந்து டாக்டர் நீங்கள் எந்தச் சமூகம் என்று விசாரித்தால் முகம் சுளிக்காதீர்கள், காரணம் இதுவாக இருக்கலாம். இந்தியத் தரவு என்று தேடினால், சிஎஸ்ஐஆர்-ஐஜிஐபி வெளியிட்ட இண்டிஜீனோம்ஸ் தளத்தில் 1029 பேரின் முழு மரபணுத் தரவிலிருந்து எடுத்த அளவுகளைப் பார்க்கலாம். பத்தாயிரம் பேரின் ஜீனோம்இண்டியா தரவு 2025 ஜனவரியில் திறந்துவிடப்பட்டது, ஆனால் அது விண்ணப்பித்து அனுமதி வாங்கும் ஆய்வாளர்களுக்கு.

இந்த மக்கள்தொகைக் கணக்கைத் தவறவிட்டதால் என்ன நடந்தது என்பதற்கு அமெரிக்காவிலேயே ஆதாரம் இருக்கிறது. இதே இதயத் தசை நோயில், கறுப்பின மக்களிடம் சாதாரணமாக இருக்கும் சில மாற்றங்களை நோய்க் காரணம் என்று ரிப்போர்ட் கொடுத்திருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்த்த ஆரோக்கியமானவர்கள் கூட்டத்தில் கறுப்பினத்தவர் போதிய அளவு இல்லாததே காரணம் என்று 2016-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வு காட்டியது. நாமும் அதே வரிசையில் நிற்கிறவர்கள்தான்.

சரி, இனி க்ளின்வாருக்குத் திரும்பிப் போய்த் தீர்ப்பைப் படிக்கலாம். தீர்ப்பின் பக்கத்தில் நட்சத்திரம் இருக்கும். நான்கு என்றால் மருத்துவ வழிகாட்டி நெறியிலேயே இடம்பெற்றது, மூன்று என்றால் நிபுணர் குழு பார்த்தது. இரண்டு, பல ஆய்வகங்கள் அளவுகோலோடு ஒரே முடிவுக்கு வந்தது. ஒரு நட்சத்திரம் என்றால் ஒரே ஆய்வகம் சொன்னது, அல்லது பல ஆய்வகங்கள் ஆளுக்கொன்று சொல்கின்றன. நட்சத்திரமே இல்லாவிட்டால் எந்த அளவுகோலை வைத்துச் சொன்னார்கள் என்பதே தெரியாது, அதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆய்வகங்கள் முரண்படும் பக்கங்களில் ஒவ்வொரு வரியின் தேதியையும் பாருங்கள். 2015-ல் அமெரிக்க மரபணு மருத்துவர்கள் அமைப்பான ஏசிஎம்ஜி வகைப்பாட்டு நெறிகளை வெளியிட்டது. அதற்கு முந்தைய தேதி போட்ட ‘நோய்க் காரணம்’ என்ற முத்திரையை நான் தனியாக ஒதுக்கி வைப்பேன். நம் 25 எழுத்து மாற்றத்திலும் ஆய்வகங்கள் ஒரே பேச்சாக இல்லை, அந்த இரண்டு ஆய்வுகளையும் படித்த பிறகு அது ஏன் என்று உங்களுக்கே புரியும்.

வி.யூ.எஸ் என்று வந்தவர்களுக்கு ஒரு தகவல். பரம்பரைப் புற்றுநோய் டெஸ்ட் எடுத்த 14 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் முடிவுகளை வைத்து 2018-ல் ஜாமா இதழில் ஓர் ஆய்வு வந்தது. அதில், பிற்பாடு வகை மாற்றப்பட்ட வி.யூ.எஸ்-களில் சுமார் 91% ‘தீங்கில்லை’ அல்லது ‘அநேகமாகத் தீங்கில்லை’ என்ற பக்கமே சாய்ந்தன. அதனால்தான் வி.யூ.எஸ் ஒன்றை மட்டும் காட்டி அண்ணன் தம்பி, பிள்ளைகள் எல்லோருக்கும் டெஸ்ட் எடுக்கச் சொன்னால் நான் தயங்குவேன். நோய் உள்ள உறவினர்களிடம் அதே மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பது வேறு விஷயம். அது அந்த மாற்றத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள உதவும்.

இப்போதெல்லாம் ஆல்ஃபாமிஸ்ஸென்ஸ் மதிப்பெண்ணை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்புகிறார்கள். 2023-ல் கூகுள் டீப்மைண்ட் வெளியிட்டது. புரதத்தில் ஓர் அமினோ அமிலம் மாறக்கூடிய 7.1 கோடி மாற்றங்களுக்கு மதிப்பெண் போட்டு, 89 சதவீதத்தை நல்லது, கெட்டது என்று பிரித்துக் காட்டியது. நல்ல கருவிதான், நானும் பார்க்கிறேன். ஆனால் நம் உதாரணத்தைப் போன்ற இன்ட்ரான் மாற்றத்துக்கு அதில் மதிப்பெண்ணே கிடையாது, அதற்கு ஸ்ப்ளைஸ்ஏஐ மாதிரி வேறு கருவி வேண்டும். புரதம் கெடும் என்பதும் ஆளுக்கு நோய் வரும் என்பதும் ஒன்றல்ல. மதிப்பெண் ஒரு சாட்சி, அவ்வளவுதான்.

அப்புறம் பப்மெட், மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தளம். ஜீன் பெயரையும் நோயின் பெயரையும் போட்டுத் தேடி, சுருக்கத்தைப் படித்தாலே போதும். மூன்றே விஷயம் பாருங்கள்: ஆய்வு ஆட்களிடம் நடந்ததா, எலியிலா, செல்லிலா, நோயில்லாதவர்களையும் சேர்த்து ஒப்பிட்டார்களா, வேறொரு குழு அதையே திரும்பச் செய்து பார்த்ததா. மூன்றாவதற்கு, அந்தக் கட்டுரையைப் பின்னால் யாரெல்லாம் மேற்கோள் காட்டினார்கள் என்ற பட்டியலைத் திறந்து புதியதிலிருந்து பழையதாகப் பாருங்கள். 2009 கட்டுரையோடு நின்றுவிட்டவர்களுக்கு 2020 கட்டுரை தெரியாமலே போகும்.

இதெல்லாம் முடிந்தால் டாக்டருக்கான காகிதம் ஒன்றைத் தயார் செய்யலாம். மேலே அந்த ஒரு வரி, பதிப்பு எண்ணோடு. அதன் கீழே நோமேட்டின் தெற்காசியர் அளவும் க்ளின்வார் நட்சத்திரமும் தேதியும். பிறகு குடும்ப விவரம்: யாருக்கு இதய நோய், எந்த வயதில், யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்தார்களா. இந்தக் கடைசிப் பகுதிதான் எங்களுக்கு வரும் படிவங்களில் பெரும்பாலும் காலியாக இருக்கும், முடிவை அதிகம் மாற்றக்கூடியதும் இதுதான். பாட்டியிடமும் பெரியப்பாவிடமும் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். கூடவே எக்கோ ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள். இதயச் சுவரின் தடிமன் பெரியவர்களுக்கு 15 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் என்று பார்க்கப்படும். குடும்பத்தில் ஏற்கனவே நோய் உறுதியாகியிருந்தால் 13-லேயே கவனிப்பார்கள்.

ஆய்வகத்திடம் விசிஎஃப் கோப்பையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டெஸ்ட்டில் கண்ட எல்லா மாற்றங்களும் அதில் இருக்கும். இலவசமாகப் பலன் சொல்கிறோம் என்னும் ஏதோ ஒரு தளத்தில் அதை ஏற்றிவிடாதீர்கள், அது உங்களுடையது மட்டுமல்ல, உங்கள் பிள்ளைகளுடையதும்கூட. ரிப்போர்ட் தேதியிலிருந்து ஓரிரு வருடம் கழித்து, அதே கோப்பை வைத்து மறு ஆய்வு செய்வார்களா, கட்டணம் உண்டா என்று கேட்டு, பதிலைப் பிடிஎஃப்போடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.