செடியை பார்சல் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செடி விற்பவர்கள் எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு: வழியில் காய்ந்துவிடுமோ? முதல் தவறு அந்தப் பயத்தில்தான் பிறக்கிறது. பார்சல் கட்டும் அன்று காலையில் தொட்டி வழியத் தண்ணீர் ஊற்றி, இலைகளிலும் தெளித்து, மொத்தத்தையும் பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு இறுக்கிவிடுகிறோம். ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் செய்தேன். நான்காம் நாள் வாங்கியவர் அனுப்பிய படத்தில் கறுத்துக் கூழாகிப்போன இலைகள்தான் இருந்தன.

ஈரம் குறைந்தால் செடி வாடும். தண்ணீர் கண்டதும் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். காற்றோட்டம் இல்லாத ஈரத்தில் பூஞ்சை பிடித்து தண்டு அழுகிவிட்டாலோ மீட்பது கடினம். அதனால் முந்தின நாளே தண்ணீர் ஊற்றி வடிய விட்டுவிடுங்கள். கட்டும் நேரத்தில் மண்ணைத் தொட்டால் ஈரம் தெரிய வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது. இலைகள் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் உறை வேர்ப்பகுதிக்கு மட்டும் போதும், இலைகளைத் தாளில் சுற்றுங்கள்.

"மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் செடி மாதக்கணக்கில் வாழ்கிறதே?" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். நத்தானியேல் வார்டு என்ற ஆங்கிலேய மருத்துவர் 1833-இல் இப்படிப்பட்ட பெட்டிகளில் செடிகளை லண்டனிலிருந்து சிட்னிக்குக் கப்பலில் அனுப்பினார், பல மாதப் பயணத்துக்குப் பிறகும் அவை உயிரோடு போய்ச் சேர்ந்தன. ஆனால் அந்தப் பெட்டிகள் கப்பலின் மேல்தளத்தில், வெளிச்சத்தில் இருந்தன. நம் அட்டைப்பெட்டிக்குள் இருட்டு. அங்கே செடி உணவு தயாரிக்காது, சேர்த்து வைத்ததைச் செலவழித்துக்கொண்டே இருக்கும்.

கற்றாழை, கள்ளி போன்ற சதைப்பற்றுள்ள செடிகளுக்கு இந்த ஈர விதிகூடப் பொருந்தாது. மண்ணை உதிர்த்து, அறுபட்ட வேர்க்காயங்கள் உலர இரண்டு மூன்று நாள் நிழலில் போட்டுவைத்து, உலர்ந்த தாளில் சுற்றி அனுப்புங்கள். ஈரப் பஞ்சு வேண்டவே வேண்டாம். அதற்காக எல்லாச் செடியையும் மண் நீக்கி அனுப்பிவிடவும் முடியாது. மணி பிளான்ட் தாங்கும்; வேரில் ஈரமான தென்னை நார்த்தூளோ பாசியோ வைத்துக் கட்டினால் போதும். காகிதப்பூச் செடியின் வேரைக் கலைத்தால் அது பிழைப்பதே சந்தேகம். அதை வேர்மண் உடையாமல்தான் அனுப்ப வேண்டும்.

அடுத்தது, பெட்டியின் மேல் அம்புக்குறி போட்டுவிட்டால் அது நிமிர்ந்தே போகும் என்ற நம்பிக்கை. போகாது. பெட்டி உருளும், கவிழும், மேலே இன்னொரு பெட்டி ஏறும். "உயிருள்ள செடி" என்று எழுதுங்கள், ஆனால் அதை நம்பிக் கட்டாதீர்கள். தொட்டியின் வாயில் மண்ணின் மேல் தாளை அழுத்தி, குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டுங்கள். தொட்டியைப் பெட்டியின் அடியோடோ பக்கத்தோடோ அசையாமல் பிணையுங்கள். நீளமான தண்டுக்கு ஒரு குச்சி. மிச்ச இடத்தில் கசக்கிய தாள். அப்புறம் பெட்டியை மூடித் தலைகீழாகக் கவிழ்த்து ஒரு குலுக்கு குலுக்கித் திறந்து பாருங்கள். மனசு பதறும்தான், ஆனாலும் செய்யுங்கள். மண் சிதறியிருந்தால் அந்தக் கட்டு சரியில்லை. பெரிய பெட்டி பாதுகாப்பு என்று நினைப்பதும் தவறு, செடி ஆட அங்கே கூடுதல் இடம்தான் கிடைக்கும்.

பூவோடு அனுப்பினால் வாங்குபவர் மகிழ்வார் என்று தோன்றும். வாடும் பூ, பழுக்கும் காய், அழுகும் இலை எல்லாம் எத்திலீன் வாயுவை விடுகின்றன. மூடிய பெட்டியில் அது சேர்ந்தால் நல்ல இலையும் மஞ்சளாகி உதிரும். அவற்றை முன்பே கிள்ளிவிடுங்கள். அப்போதே இலையின் அடிப்புறத்தையும் கணுக்களையும் பார்த்துவிடுங்கள்: மாவுப்பூச்சி ஒன்று இருந்தாலும் அதே பார்சலில் போகும் எல்லாச் செடிக்கும் பரவலாம்.

வார இறுதியை ஒட்டி அனுப்பினால் பெட்டி கிடங்கில் சும்மா கிடக்கும். வாரத்தின் முதல் இரண்டு நாட்களே நல்லது. குளிர் பருவத்தில் வெப்பமண்டலச் செடிகள் பலவும் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பாதிக்கப்படும். அதற்குச் சூடு தரும் பொட்டலம் வைப்பவர்கள், அதை டேப்பால் முழுக்க மூடிவிடக் கூடாது. உள்ளே இருக்கும் இரும்புத்தூள் காற்றோடு வினைபுரிந்துதான் சூடு வருகிறது. இலையில் படாமல் மூடியின் உட்புறம் ஒட்டுங்கள்.

வெளிநாட்டு ஆர்டர் வந்தால் முதலில் அந்த நாட்டின் இறக்குமதி விதியைப் பாருங்கள். பல நாடுகள் தாவர நலச் சான்றிதழ் (செடியில் பூச்சியோ நோயோ இல்லை என்ற அரசுச் சான்று) கேட்கும். ஆர்க்கிட் வகைகளும், கள்ளிகளில் பெரும்பாலானவையும் அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்த 1975-இல் நடைமுறைக்கு வந்த சைட்டிஸ் (CITES) ஒப்பந்தப் பட்டியலில் உள்ளன. நர்சரியில் வளர்த்தது என்பதாலேயே விலக்கு கிடைத்துவிடாது.

கடைசியாக, பெட்டிக்குள் ஒரு சிறு குறிப்பு வைக்க மறந்துவிடுகிறோம். வாங்கியவர் ஆசையாகத் திறந்ததும் நேராக வெயிலில் வைப்பார், அன்றே தொட்டி மாற்றி உரமும் போடுவார். பெட்டியில் தப்பிய செடி அங்கே போய்ச் சாகும். இருட்டிலிருந்து வந்த செடியை முதல் வாரம் நிழலில் வையுங்கள், மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள், ஓரிரு இலை மஞ்சளானால் கவலைப்படாதீர்கள், உரம் இப்போது வேண்டாம் என்று நான்கே வரி எழுதி, பெட்டியைத் திறந்ததும் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவிடுங்கள்.