லத்தீன்1-இல் சிக்கிய தமிழை மீட்ட விதம்

மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் "தமிழ்" என்ற சொல்லுக்கு எழுத்து எண்ணிக்கை 5 (இகரக் குறியும் புள்ளியும் தனித்தனி), பைட் 15 வர வேண்டும். எனக்கு இரண்டுமே 15. எல்லா மொழிகளுக்குமான குறியாக்கமான யூடிஎஃப்8-இன் பைட்டுகள், ஓர் எழுத்துக்கு ஒரே பைட் தரும் லத்தீன்1 குறியாக்க அட்டவணைப் பத்தியில் கிடந்தன.

அந்தப் பத்தியை நேரே யூடிஎஃப்8எம்பி4-க்கு (ஓர் எழுத்துக்கு 4 பைட் வரை தரும் முழு யூடிஎஃப்8 வகை) மாற்றவே கூடாது. ஒவ்வொரு பைட்டும் தனி எழுத்தாகி மறுபடி குறியாக்கமாகிவிடும். பேக்கப் எடுத்தபின், டெக்ஸ்ட் பத்தியை முதலில் பிளாப் (குறியாக்கம் இல்லாத வெறும் பைட்டுகள்) ஆக்கினேன், பிறகு யூடிஎஃப்8எம்பி4 டெக்ஸ்ட். பைட்டுகள் அப்படியே இருக்க, குறியாக்கத்தின் பெயர் மட்டும் மாறியது. தரவுத்தள இணைப்பிலும் அதே குறியாக்கத்தை அறிவிக்காவிட்டால் புதிய பதிவுகள் மீண்டும் சிதையும்.

மைஎஸ்கியூஎல்லின் பழைய யூடிஎஃப்8 வகை போதாது. அதில் ஓர் எழுத்துக்கு 3 பைட்தான். தமிழ்ப் பின்னக் குறிகளுக்கு 4 வேண்டும். மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபியின் பழைய வடிவத்தில் இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் பட்டியல்) வரம்பு 767 பைட் என்பதால், ஓர் எழுத்துக்கு 4 பைட் வீதம் கணக்கிட்டு, 255 எழுத்து இண்டெக்ஸை 191 ஆகக் குறைத்தேன்.