வகுப்பறை விதிகள்: எழுதி ஒட்டினால் போதாது, பழக்க வேண்டும்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பாடத்துக்கு அவசரப்படாதீர்கள். 40 பிள்ளைகள் இருக்கும் ஆறாம் வகுப்பில், முதல் வாரம் தினமும் 15 நிமிடம் விதிகளைப் பழக்கவே போகட்டும். அந்த நேரத்தை மிச்சம் பிடித்தால், ஆண்டு முழுக்க "பேசாதே, பேசாதே" என்று தொண்டை வறளும்.

விதிகள் நான்கு, மிஞ்சினால் ஐந்து. பத்துப் பன்னிரண்டு எழுதினால் ஆசிரியருக்கே மறந்துவிடும். பிறகு ஒருநாள் திடீரென்று கண்டித்தால், "நேத்து அவன் செஞ்சப்ப விட்டீங்களே சார்" என்பார்கள். நியாயமான கேள்வி. 'ஒழுக்கமாக இரு' என்று எழுதுவதில் பயனில்லை. 'மணி அடித்ததும் நோட்டும் பேனாவும் வெளியே', 'கை தூக்கி, பெயர் சொன்ன பிறகு பதில்', 'எடுத்த பொருள் எடுத்த இடத்தில்' என்று எழுதுங்கள். நடந்ததா இல்லையா என்பது பார்த்தாலே தெரிய வேண்டும்.

கை தூக்கும் விதியை இப்படிப் பழக்கலாம். "நம்ம ஊர்ல இருந்து பஸ் எங்கெல்லாம் போகும்?" என்று கேளுங்கள். பாதி வகுப்பு ஒரே நேரத்தில் கத்தும். கோபப்படாமல், "யார் சொன்னதும் கேக்கல, மறுபடி பார்க்கலாம்" என்று அதே கேள்வியைக் கேளுங்கள். கத்திச் சொன்ன பதில் சரியாகவே இருந்தாலும் ஏற்காதீர்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: மகிழ்ச்சியில் "கரெக்ட்!" என்று வாயில் வந்துவிட்டால், கத்தினால் பலன் உண்டு என்பதைத்தான் வகுப்பு அன்றைக்குக் கற்றுக்கொள்ளும். கேட்டபின் மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டுப் பெயர் சொல்லுங்கள். மெதுவாக யோசிக்கும் பிள்ளையின் கையும் மேலே வரும்.

யாராவது விதியை மீறினால், முதலில் பேச்சை நிறுத்தி அவனைப் பாருங்கள். தொடர்ந்தால், பாடத்தைச் சொல்லிக்கொண்டே அருகில் போய், அவன் நோட்டில் எழுத வேண்டிய வரியில் விரல் வையுங்கள். பெரும்பாலும் அங்கேயே அடங்கிவிடும். இல்லையென்றால் பெயரைத் தாழ்ந்த குரலில் சொல்லி, செய்ய வேண்டியதை மட்டும் சொல்லுங்கள். அடுத்தது இடமாற்றம். அதற்கும் மேல் போனால், பீரியட் முடிந்ததும் இரண்டு நிமிடம் தனியாகப் பேசுங்கள். முதல் மதிப்பெண் எடுப்பவருக்கும் கடைசி பெஞ்சுக்கும் இதே வரிசைதான்.

அடிப்பதும் மனம் புண்படப் பேசுவதும் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-வது பிரிவுப்படி தடை செய்யப்பட்டவை; மீறினால் துறை நடவடிக்கை வரும். முட்டி போட வைப்பதும் இதில் அடங்கும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், இம்போசிஷன் கொடுத்தால் எழுதுவதே தண்டனையாகிவிடும். வெளியே நிற்க வைத்தால், பாடத்திலிருந்து தப்ப நினைத்தவனுக்கு அதுவே பரிசு. ஒருவனுக்காக வகுப்பையே தண்டித்தால் மற்ற 39 பேரின் கோபமும் உங்கள்மேல்தான். பேசுகிறவர் பெயரை வகுப்பு லீடரை விட்டுப் போர்டில் எழுத வைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள்: நண்பன் பெயர் வராது, சண்டை போட்டவன் பெயர் முதலில் வரும்.

வீட்டுக்குக் குறை சொல்லிப் போன் செய்யும் முன், நல்ல செய்தி ஒன்றையாவது சொல்லியிருங்கள். தொடங்கும்போதே "எம் புள்ள என்ன பண்ணான்?" என்ற பதற்றம் இருந்தால் பேச்சு முன்னேறாது.

அரையாண்டு விடுமுறை முடிந்ததும் இரண்டு நாள் மறுபடி பழக்குங்கள். அப்படியும் ஒரு பிள்ளை தினமும் பக்கத்தில் பேசிக்கொண்டே இருந்தால், கண்டிக்கும் முன் பின்னால் போய் அதன் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். போர்டு சரியாகத் தெரியாததால் பக்கத்து நோட்டைக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கலாம். முன் பெஞ்சுக்கு மாற்றுங்கள். கண் பரிசோதனைக்கு வீட்டில் சொல்லி அனுப்புங்கள்.