நுனிக்காலில் நடக்கும் பிள்ளைக்கு ஒபரேஷன் என்றால்

என் மகனுக்கு மூளை முடக்குவாதம், அதாவது மூளைப் பாதிப்பால் கைகால் அசைவு கெடும் நிலை. கெண்டைக்கால் இறுகி, குதிகால் நிலத்தில் படாமல் நுனிக்காலில் நடந்தவன். ஒபரேஷன் செய்தோம். நம்ம தேயிலைத் தோட்டங்களில் இதே நிலையில் இருக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

ஒபரேஷன் மூளையைச் சரியாக்காது. குறுகிய தசைநாரை நீட்டும், வளைந்த பாதத்தை நேராக்கும், அவ்வளவுதான். பிள்ளை வளர வளர மறுபடி இறுகலாம். சின்ன வயதில் செய்தால் அந்த ஆபத்து கூடுதல். அதனால்தான் டொக்டர்மார் ஆறேழு வயது வரைக்கும் பயிற்சி, ஸ்பிளின்ட் (பாதத்தை நேராகத் தாங்கிப் பிடிக்கும் அச்சு), இறுகிய தசையைத் தளர்த்தும் பொட்டொக்ஸ் ஊசி என்று பொறுத்துப் பார்க்கிறார்கள். தட்டிக்கழிக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

கிளினிக்கில் முழங்காலை மடக்கி ஒருமுறை, நீட்டி ஒருமுறை பாதத்தை மேலே தள்ளிப் பார்ப்பார்கள். மடக்கும்போது பாதம் மேலே வந்து, நீட்டும்போது வராவிட்டால் கெண்டையின் மேல்தசைதான் இறுகியிருக்கிறது. பெரும்பாலும் அதை மட்டும் தளர்த்தினால் போதும். இரண்டிலும் வராவிட்டால், குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி தட்டுப்படும் குதிநாணையே நீட்ட வேண்டி வரலாம். எதைச் செய்யப் போகிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். குதிநாண் அளவுக்கு மீறி நீண்டுவிட்டால் பிள்ளை முழங்கால் மடங்கிக் குந்தினாற்போல் நடக்கும். அதைத் திருத்துவது பெரும்பாடு. இந்தப் பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டும் விலகலாம், அதனால் இடுப்பு எக்ஸ்ரே பற்றியும் கேளுங்கள். வலிப்பு மருந்து குடிக்கும் பிள்ளையென்றால் ஒபரேஷன் அன்று காலை எப்படிக் கொடுப்பது என்று மயக்க மருந்து டொக்டரிடம் முன்பே கேளுங்கள். நீங்களாக நிறுத்தவே கூடாது.

அப்புறம் மாவுக்கட்டு, பெரும்பாலும் ஆறு வாரம் வரை. லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், நமக்குக் கஷ்டமே இதுதான். கூரை ஒழுகும், கக்கூஸ் வெளியே, படியெல்லாம் பாசி. ஹட்டன், நுவரெலியா பக்கம் ஆனி, ஆடி மழையில் எதுவுமே காயாது. தேதி கேட்க முடிந்தால் தை, மாசியைக் கேளுங்கள். வெளியே தூக்கும்போது கட்டுக்கு மேல் பொலித்தீன் சுற்றி, உள்ளே வந்ததும் கழற்றிவிடுங்கள். படுக்கும்போது கெண்டைக்குக் கீழே தலையணை வைத்து, குதிகால் எதிலும் படாமல் தொங்கட்டும். இல்லாவிட்டால் கட்டுக்குள்ளேயே புண் வரும். அரித்தால் குச்சி விடக் கூடாது.

காலையும் இரவும் விரல்களைப் பாருங்கள். நகத்தை அழுத்தினால் வெளுத்து, விட்டதும் சட்டென்று சிவக்க வேண்டும். விரல் நீலமானால், சில்லிட்டால், வீங்கினால், மருந்துக்கும் அடங்காமல் அழுதால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். த்ரீவீல் பிடித்துப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கட்டுக்குள் நாற்றம் அடித்தாலும், காய்ச்சல் வந்தாலும் காட்ட வேண்டும். என் மகனுக்குப் பேச்சு வராது. அவன் சாப்பாட்டைத் தள்ளிவிட்டாலே வலி என்று தெரிந்துகொள்வேன். முதல் நாட்களில் தசைப்பிடிப்பு படுத்தும். அதற்கும் மருந்து உண்டு, வாட்டிலேயே கேளுங்கள்.

கட்டு அவிழ்த்ததும் ஸ்பிளின்ட். இதை விட்டால் பட்ட பாடெல்லாம் வீண். பருத்திக் காலுறை போட்டு, குதிகால் அடிவரை இறங்கிய பிறகு பட்டியை இறுக்குங்கள். கழற்றி அரை மணி நேரமாகியும் சிவப்பு மறையாவிட்டால் எங்கோ அழுத்துகிறது, திருத்தித் தருவார்கள். விரல் நுனி விளிம்பைத் தாண்டினால் புது அளவு எடுக்கச் சொல்லுங்கள்.