கொரோனாவுக்குப் பிறகு விடாத இருமலும் சோர்வும்

2021 மே மாதம் கொரோனா வந்து போனது. இருமலும் சோர்வும் மட்டும் இரண்டு மாதமாகியும் விடவில்லை. செங்கோட்டையிலிருந்து புளியரைக்குச் சைக்கிளில் போய்வந்த எனக்கு, வீட்டு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. தென்காசி மருத்துவர் அசிட்டைல்சிஸ்டீன் 600 மில்லிகிராம் மாத்திரை எழுதிக்கொடுத்தார். தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும். கந்தக வாடை குமட்டும், ஆனாலும் குடித்தேன். அது சளியை இளக்கும். செல்கள் சேதமாகாமல் காக்கும் குளுட்டாதயோன் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பானை உடல் உருவாக்க மூலப்பொருளும் தரும். பத்து நாளில் நெஞ்சுச் சளி கரைந்து இருமல் தணிந்தது. சோர்வு அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. அதற்கு மதிய உறக்கமும் வேலையைப் பாதியாகக் குறைத்ததும்தான் கைகொடுத்தன. மலையேறி ஆரியங்காவு வரை மறுபடி மிதிக்க அக்டோபர் ஆகிவிட்டது. ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த மாத்திரையைத் தொடவே கூடாது. என் தங்கைக்கு நான் தராததும் அதனால்தான்.